என் கை மட்டும் தெரிந்த படம்

மகனே,

உன் பெயரை இந்தக் கடிதத்தில் எங்கும் எழுத வேண்டாம் என்று இதை எனக்காக எழுதித் தருகிற டீச்சரிடம் சொல்லிவிட்டேன். என் பெயரும் வேண்டாம். நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் இதைப் போடப்போகிறார்கள். மட்டாஞ்சேரியில் நம் ஆட்கள் எல்லோரும் வாசிப்பார்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வாசித்துக் காட்டுவார்கள். பெயர் சொல்லாமல் ஒருவனை நாலு பேர் முன்னால் நிறுத்துவது எப்படி என்பதை உன்னிடம்தான் படித்தேன். நீ எனக்குச் செய்த மரியாதையை அப்படியே உனக்குத் திருப்பிச் செய்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதுகிறார். அச்சுக்கு ஏற்றபடி அவர் என் பேச்சைத் திருத்திக்கொள்ளலாம், ஆனால் கசப்பாகச் சொன்னதை இனிப்பாக்கக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், மலையாளம்தான் ஓடும். பரவாயில்லை. எழுத்துக் கூட்டியே வாசி. வேகமாக வாசித்துக் கடந்து போகிற விஷயம் இதில் ஒன்றும் இல்லை.

போன வாரம் உன் அக்கா செல்வி வந்து சொன்னாள். அடுத்த மாதம் நீ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாயாம். அதற்கு முன்னால் சில நாள் வீட்டில் வந்து தங்கப் போகிறாயாம். புது விளையாட்டு ஒன்று செய்திருக்கிறீர்களாம், அதையும் கேமராவையும் கொண்டு வருகிறாயாம், அப்பா இன்னொரு தடவை உட்கார்ந்து ஆடிக் கொடுக்க வேண்டுமாம். “அப்பா மாதிரி ஓர் ஆள் கிடைக்காது அக்கா, ஆடும்போது மனசில நினைக்கிறதை எல்லாம் வாய்விட்டுப் பேசறார்” என்று சொன்னாயாமே. செல்வி அதை ஒரு பாராட்டுப் போலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், பிறகு முற்றத்தைப் பார்த்தாள். அவள் வழியாக வேண்டாம், உனக்கே சொல்கிறேன். பதில் இதுதான்.

உன் வேலையை நான் மட்டமாக நினைக்கிறேன் என்று எண்ணிவிடாதே. கம்ப்யூட்டரில் விளையாட்டு ஆடுகிறவர்கள் அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்கிறார்கள், எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று என் மகன் ஆராய்கிறான் என்று பஜார் முழுக்கச் சொன்னவன் நான். என்னோடு சுமை தூக்கிய பீட்டர் சேட்டன் சாயாக் கடையில் வைத்துக் கேட்டார்: “அப்போ நின்றெ மோனெ சம்பளம் கொடுத்துக் களிக்கான் விட்டிரிக்கயாணோ?” சம்பளம் கொடுத்து உன்னை விளையாட விட்டிருக்கிறார்களா என்று. கடை முழுக்கச் சிரித்தது. நான் விடவில்லை. “சேட்டன் வயசு காலம் முழுக்கச் சீட்டுக் களிக்கிறீங்களே, அதிலேர்ந்து வல்லதும் ஒண்ணு படிச்சீங்களா? அதைத்தான் என் மகன் விசாரிக்கிறான்” என்றேன். பிறகு கடை அவரைப் பார்த்துச் சிரித்தது. உன் ஆராய்ச்சிக்காக நான் அத்தனை பேரிடம் வாய் கொடுத்திருக்கிறேன். உனக்கு அது தெரியாது.

ஒன்றும் தெரியாமல் நான் அப்படிப் பேசவில்லை. உன் ஆராய்ச்சி எங்கே தொடங்கியது என்று உனக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். நீ ஏழாம் வகுப்பில் படித்தபோது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சுக்கு கோடவுனுக்குப் பின்னால் இருந்த சந்தில், அண்ணன் என்ற முறையில் எல்லோரும் இக்கா சேர்த்துக் கூப்பிடுகிற ஹம்சக்கா வாடகை சைக்கிள் கடையை மூடிவிட்டு வீடியோ கேம் கடை போட்டார். இரண்டு டிவியும், கம்பி பிடித்து ஆட்டுகிற ஒரு பெரிய பெட்டியும். வாசலில் பூப்போட்ட திரை. நீ பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் கிடக்கிறாய் என்று யாரோ சொன்னார்கள். மூட்டை இறக்கிவிட்டுத் தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல் போனேன். திரையை விலக்கினேன். நீ ஆடிக்கொண்டிருக்கவில்லை. உன்னைவிடப் பெரிய ஒரு பையன் உட்கார்ந்து ஆட, நீ அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, “இப்போ குனி, இப்போ சாடு, அங்கே போகாதே, அவன் ஏமாத்துறான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அந்தக் குரலை வீட்டில் நான் கேட்டதே இல்லை.

ஹம்சக்கா என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். “எடோ, நின்றெ மோன் இவிடெ களிக்கான் வருன்னதல்ல, படிப்பிக்கான் வருன்னதாணு. ஒரு காசு போட்டவன் ஒரு மணிக்கூர் களிக்கிறான். எனிக்குக் கச்சவடம் பூட்டணும்! தயவு செய்து கூட்டிக்கொண்டு போ!” என்றார். நீ ஆட வரவில்லை, சொல்லிக் கொடுக்க வருகிறாய், ஒரு காசிலேயே ஒரு மணி நேரம் ஆடுகிறார்கள், வியாபாரத்தை மூட வேண்டியதுதான் என்று புலம்பிவிட்டு அவரே சிரித்தார். நான் உன்னைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. நீ என்னைப் பார்ப்பதற்குள் திரையை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். என் மகன் சொன்னால் பெரிய பையன்கள் கேட்கிறார்கள் என்ற நினைப்போடு பஜார் ரோட்டில் நடந்து போனேன். அன்றைக்குத் தூக்கிய மூட்டை எதுவும் கனக்கவில்லை.

உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். பகல் முழுக்க முற்றத்தில் உட்கார்ந்து சுக்கு சுரண்டிவிட்டு, எரிகிற கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அவள் உன்னிடம் கேட்பாள்: “இண்ணைக்கு எது வரைக்கும் போனே?” நீ சொல்வாய். பனிமலை, தீ கக்குகிற பூதம், சாவி இருக்கிற பெட்டி, சாவி இல்லாத பெட்டி. “அய்யோ, பின்னே?” என்பாள் அவள். அந்தப் பூதத்தை எங்கே அடித்தால் சாகும் என்று கடைசியில் அவளுக்கே தெரிந்துவிட்டது. நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பேன். தூங்குகிறேன் என்று நீ நினைத்தாய். நீ சொன்ன ஒன்றையும் நான் விடவில்லை. திரும்பிப் படுத்து ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்கிற வழக்கம் என்னிடம் இல்லை, என் அப்பனும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நீ தேவராவில் காலேஜ் படிக்கும்போது அவள் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு இல்லை. நீ பெங்களூருக்குப் போனாய். ஓணத்துக்கு வந்தாய், பிறகு ஓணத்துக்கும் வரவில்லை. போனில், “சாப்பிட்டீங்களா அப்பா?” என்பாய். “சாப்பிட்டேன், நீ?” என்பேன். அதோடு முடிந்தது.

பிறகு அந்த மழைக்காலம். கேட்டைத் திறந்து, நனைந்த பையோடு, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் வந்து நின்றாய். நான் எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. அது ஏன் என்று உனக்குத் தெரியும், இதை வாசிக்கிற நம் ஆட்களுக்கும் தெரியும். வந்தவனிடம் எதற்கு வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்று நம் வீடுகளில் கேட்க மாட்டோம். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் எல்லோரும் இங்கே இன்னொருவன் வீட்டில் பாய் விரித்துத்தான் வேலை தேடினார்கள். சிலருக்கு ஒரு வாரத்தில் கிடைத்தது, சிலருக்கு ஒரு வருஷம். எதற்கு வந்தாய் என்று கேட்டால் எப்போது போவாய் என்று கேட்டதுபோல ஆகிவிடும். அதனால் கேட்காமலே பழகிவிட்டோம். சாயா கொடுப்போம், ஈரத் தலையைத் துவர்த்த ஒரு துண்டு கொடுப்போம். உனக்கும் அப்படித்தான் கொடுத்தேன். என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாய் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். கேட்டிருந்தால் நீ பொய் சொல்லியிருக்க மாட்டாய். நீ பொய் சொல்கிற ஆள் இல்லை. கேட்காமல் விட்டது என் தப்பு.

மறுநாள் அந்த மடக்குக் கம்ப்யூட்டரை அரிசி டின் மேல் வைத்தாய். மூன்று கால் குச்சியில் கேமராவை நிறுத்தினாய். “அப்பா, இதில ஒரு விளையாட்டு இருக்கு, நாங்க செஞ்சது. எழுத்து ஒண்ணும் கிடையாது, எல்லாம் படம்தான். நீங்க ஆடி நோக்குங்க” என்றாய். ஏதோ ஒரு காகிதத்தை மலையாளத்தில் வாசித்துக் காட்டிப் பெருவிரல் வைக்கச் சொன்னாய். மகன் நீட்டினால் எவன் காது கொடுத்துக் கேட்பான்? வைத்தேன். கேமரா எதற்கு என்று மட்டும் கேட்டேன். “அது பாட்டுக்கு இருக்கட்டும்பா, அதை மறந்துடுங்க” என்றாய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பெங்களூரில் ஒற்றைக்கு இருக்கும்போது அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் போட்டுப் பார்க்கப் படம் பிடித்து வைக்கிறாய் என்று நினைத்தேன். அதனால்தான் அன்றைக்கு முகம் மழித்தேன். செல்வியிடம் சொல்லி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வாங்கினேன். வீட்டுக்குள் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்து, “கல்யாணத்துக்குப் போறீங்களா?” என்று அவள் கேலி செய்தது உனக்கு நினைவிருக்கும்.

விளையாட்டில் ஒருவன் இருந்தான். சிவப்புத் தலைக்கட்டு, தலையில் ஒரு மூட்டை. அவன் பாலங்களைக் கடந்து மூட்டையை அந்தப் பக்கம் சேர்க்க வேண்டும். பாலத்தில் சில பலகை இளகிக் கிடக்கும், மிதித்தால் போய்விடும். எது இளகியது என்று பார்த்தால் தெரியாது. விழுந்து விழுந்துதான் கண்டுபிடிக்க வேண்டுமாம். விழுந்தால் தண்ணீரில் ஒரு சத்தம், பிறகு தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்பான். அது எனக்கு ஏறவில்லை. விழுவான் என்று தெரிந்துகொண்டே ஒருவனை, அதுவும் தலையில் சுமையோடு, எப்படிப் போ என்று விடுவது? பாலத்து ஓரத்தில் அவனைக் கொண்டுபோய் நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “எடா, அங்கே போகாதே, இளகிக் கிடக்கு” என்று அவனிடம் பேசினேன். “சொல்லிக் கொடுடா” என்று உன்னிடம் கேட்டேன். “நீங்களே நோக்குங்க அப்பா” என்று பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாய். நாலைந்து நாள் அப்படித்தான். ஹம்சக்கா கடையில் எவனோ ஒருவனுக்குக் குனி, சாடு என்று சொல்லிக் கொடுத்த வாய் எனக்கு மட்டும் திறக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் நீ பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாயோ என்று பயம்.

கடைசி நாள். நீ கேமராவை மடக்கிப் பைக்குள் வைத்துவிட்டாய். செல்வி கப்பைக் கிழங்கும் மத்திக் குழம்பும் கொண்டுவந்திருந்தாள். சட்டையில்லாமல், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தட்டோடு வந்து முதல் தடவையாக என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். “எங்கே நிக்கிறீங்க? மூணாவது பாலமா? அப்பா, இது நடந்து போகிற பாலமில்ல. ஓடி வந்து ஒரே தாவாச் சாடணும். நின்னா போச்சு.” மீன் குழம்புக் கையை முட்டியில் துடைத்துவிட்டு என் கை மேல் கையை வைத்தாய். “இப்போ. இப்போ சாடுங்க!” சாடினான். அந்தப் பக்கம் போய் நின்றான். நான் கத்திய கத்தில் செல்வி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். “எந்தா, எந்தா ஆச்சு, யாருக்கு?” என்றாள். நாம் இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்து அவளும் சிரித்தாள். “ஒண்ணு கூடி!” என்றேன் நான். இன்னொரு தடவை சாடினோம். உன் தட்டில் குழம்பு ஆறிப்போயிற்று. உன் அம்மா போன பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

நீ போன பிறகு, பார்க்கிறவர்களிடம் எல்லாம் மூன்றாவது பாலத்தைப் பற்றித்தான் பேசினேன். பீட்டர் சேட்டன் காதைப் பொத்திக்கொண்டார்.

பிறகு ஒருநாள் செல்வியிடம் போனில் சொன்னாய், காக்கநாட்டில் ஒரு பெரிய கூட்டம், நீ பேசுகிறாய், சௌகரியப்பட்டால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று. அவள் வீட்டுக்காரரால் இடக்கொச்சியில் இறால் உரிக்கிற செம்மீன் கம்பெனிக்கு லீவு போட முடியவில்லை, நாங்கள் இரண்டு பேர் மட்டும் பஸ் மாறிப் போனோம். கண்ணாடிக் கட்டிடம். உள்ளே குளிர். பின்வரிசையில் உட்கார்ந்தோம். நீ கோட்டுப் போட்டு நின்றாய். இங்கிலீஷில் பேசினாய். செல்வி பத்தாம் வகுப்பு வரை படித்ததை வைத்துக்கொண்டு என் காதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். தோற்றால் தண்டனை இல்லாத இடத்தில்தான் மனுஷன் நன்றாகக் கற்றுக்கொள்கிறான் என்று சொல்கிறாய் என்றாள். நல்ல பேச்சு என்று நினைத்தேன். பிறகு திரையில் ஹம்சக்கா கடை வந்தது. மூடிய ஷட்டர், பக்கத்தில் வயதான ஹம்சக்கா. அவர் பெயரைச் சொன்னாய். என் முதல் ஆசான் என்று சொன்னாயாம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிவிட்டு, அடுத்தது நான்தான் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டேன். மகனே, என் வயசில் ஒருவன் அப்படி நிமிர்ந்து உட்காருவதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அடுத்தது நான்தான். திரை முழுக்க என் கை. மணிக்கட்டு வரைக்கும் மட்டும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் நுனி கொஞ்சம் தெரிந்தது. என் குரல். “எடா, அங்கே போகாதே, இளகிக் கிடக்கு.” கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். குழந்தை தவறி விழும்போது சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. “சொல்லிக் கொடுடா” என்று நான் கெஞ்சுவது வந்தது. அதற்கும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். முன்வரிசையில் ஒருவர் எழுந்து ஏதோ கேட்டார். செல்வியின் வாய் நின்றுவிட்டது. என்ன கேட்டார் என்று அவள் முழங்கையை இடித்தேன். “இது யாருன்னு கேட்டாங்க” என்றாள். தம்பி என்ன சொன்னான் என்றேன். “மட்டாஞ்சேரியில சுமை தூக்கின ஒரு ஆள், படிப்பு இல்லாதவர்னு சொன்னான்.” அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மூன்றாவது பாலம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. நான் பாலத்து ஓரத்தில் நிற்கிறபோதே படம் முடிந்துபோயிற்று.

பிறகு வெளியே எல்லோரும் சாயா குடித்துக்கொண்டு நின்றார்கள். உன்னைச் சுற்றிக் கூட்டம். நீ என்னைப் பார்த்தாய், ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினாய். யாரோ உன் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். காகிதக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். கழுத்தில் அட்டை மாட்டிய, காலேஜ் வயசில் ஒரு பெண், நல்ல பிள்ளைதான், வந்து கேட்டது: “அப்பூப்பன் ஆரெக் காணான் வன்னதா?” யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று. என் மகனை என்று சொல்ல வாய் வந்தது. அவன் சொல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும் என்றும் வந்தது. “வெறுதே, மோளே” என்றேன். சும்மாதான் என்று. செல்வி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டாள். வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். “நீங்க ஏன் சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?” உன்னை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னைச் சொல்ல வேண்டியதைத்தான் என்னைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் நீ போன் பண்ணினாய். ஏன் சொல்லாமல் போய்விட்டீர்கள் என்று கேட்டாய். நான் கேட்க வேண்டியதை நீ முந்திக் கேட்டாய். அன்றைக்கு நாம் பேசியதை டீச்சரிடம் வரிக்கு வரி சொல்லி எழுதச் சொல்லியிருக்கிறேன்.

“அது யாருன்னு கேட்டாங்களே, ஏண்டா என் அப்பான்னு சொல்லல?”

“அப்பா, அது ரூல். ஆராக இருந்தாலும் முகம் காட்டக் கூடாது, பேரு சொல்லக் கூடாது. உங்க நல்லதுக்குத்தான். அன்னைக்கே வாசிச்சுக் காட்டினேன்ல?”

“ஹம்சக்கா பேரைச் சொன்னியே. முகத்தையும் காட்டினியே.”

“அது கதைப்பா. நான் எப்படி இதுக்கு வந்தேன்கிற கதை. நீங்க டேட்டா.”

“அப்போ மூணாவது பாலம்? நான் சாடினேனே?”

“அது கணக்கில வராதுப்பா. நான் சொல்லிக் கொடுத்துட்டேன்ல. நீங்களா படிச்சதுதான் கணக்கு.”

போனை வைத்துவிட்டு டேட்டா என்றால் என்ன என்று செல்வியிடம் கேட்டேன். அவள், “கணக்குப் போடறதுக்கு எடுக்கிற சாமானம்” என்றாள். மூட்டையில் குத்தூசியை விட்டு ஒரு பிடி மிளகு எடுத்துப் பார்ப்பார்களே, அதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று டீச்சரும் சொல்கிறார்.

அந்த ரூலை நான் குறை சொல்ல வரவில்லை. யாரோ ஒருவரைப் படம் பிடித்தால் அவர் பெயர் கெடக் கூடாது என்று யாரோ நல்ல மனசுக்காரர்கள் யோசித்துப் போட்டிருப்பார்கள். முன்பின் தெரியாதவனுக்கு அது குடை. ஆனால் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு அப்பன் வீட்டுக்குள் ஏன் வந்தாய் என்பதுதான் என் கேள்வி. உனக்குப் படிப்பு இல்லாத ஒரு கிழவன் வேண்டியிருந்தான். பஜாரில் அப்படிப்பட்டவர்கள் எவ்வளவோ பேர் சாயாக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பீட்டர் சேட்டனைக் கேட்டிருந்தால் தொப்பி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார். அவர் கையைக் காட்டிச் சிரித்திருந்தால் அவருக்கும் ஒன்றும் போயிருக்காது. நீ சுலபமான இடத்துக்கு வந்தாய். எதற்கு வந்தாய் என்று கேட்காத வீடு ஒன்று உனக்கு இருந்தது.

நீ என்னிடமிருந்து என்ன கண்டுபிடித்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன், உன் கணக்கில் வந்தாலும் வராவிட்டாலும் சரி. அந்த நாலைந்து நாளும் நான் அந்தச் சிவப்புத் தலைக்கட்டுக்காரனை வைத்து விளையாடக் கற்றுக்கொள்ளவே இல்லை. உன்னை எப்படி வீட்டில் நிறுத்தி வைப்பது என்று மட்டும்தான் கற்றுக்கொண்டிருந்தேன். தோற்றுக்கொண்டே இருந்தால் நீ இருப்பாய் என்று தெரிந்துகொண்டேன். சில தடவை வேண்டுமென்றே நின்றேன். இதை உன் பெரிய ஆட்களிடம் சொல், அவர்களுக்கு ஏதாவது பிரயோஜனப்படலாம். படம் பிடித்தது முழுக்கக் குப்பை என்று சொன்னாலும் சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

நீ செல்வியிடம் கேட்டதற்குப் பதில் இதுதான். புது விளையாட்டுக்கு நான் உட்கார மாட்டேன். உன் படத்துக்கு ஒரு கிழவனின் கை வேண்டும் என்றால் வேறு கையைப் பார்த்துக்கொள். வீட்டுக்கு வராதே என்று சொல்லவில்லை. அது உன் அம்மாவின் வீடு, வா, இரு, உன் அக்கா கையால் சாப்பிடு. கேமரா மட்டும் கேட்டுக்கு வெளியே நிற்கட்டும்.

நீ போகிற அன்றைக்கு நெடும்பாசேரி ஏர்போர்ட்டுக்கு நான் வருவேன். செல்வி வேண்டாம் என்று சொல்கிறாள், முட்டி வலியோடு அவ்வளவு தூரம் எதற்கு என்கிறாள். வருவேன். உன்னை வழியனுப்ப உன்னோடு வேலை செய்கிறவர்களும், உன் பெரிய ஸாரும் வருவார்கள் என்று அவள் சொன்னாள். நல்லது. நான் வேட்டியும் பழைய சட்டையும்தான் போட்டுக்கொண்டு வருவேன், இஸ்திரி போட மாட்டேன். உன் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு உன் பக்கத்தில்தான் நிற்பேன். அவர்களில் ஒருவராவது என்னைப் பார்த்துவிட்டு உன்னிடம் இவர் யார் என்று கேட்பார்கள். கேட்காமல் இருக்க மாட்டார்கள். அந்த இடத்தில் கேமரா கிடையாது, ரூல் கிடையாது, பெருவிரல் வைத்த காகிதம் கிடையாது. செல்வி வாயைத் திறக்கக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். நானும் திறக்க மாட்டேன். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டுக்கொண்டு நிற்பேன்.

அப்பா